பெயர் யார் பேரில்? நம் சங்கத்துக்கு ஒரு ‘டாட் இன்’ முகவரி

(சங்கத்துக்கெனத் தனி இணைய முகவரி பதிவு செய்யும் தீர்மானம் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருமுன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். லிஃப்ட் ஏஎம்சி விவாதம் எனக்கு அடுத்ததாக இருப்பதால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

போன மாதம் நம் கட்டடத்தில் மூன்று வீடுகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். “கார்பஸ் நிதிக்கான வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த கியூஆர் கோடில் செலுத்தவும்” என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டோடு வந்தது. லோகோ நம்முடையது, கையெழுத்தும் பார்க்க நம் பொருளாளர் கையெழுத்து மாதிரியே இருந்தது. அனுப்பியவர் முகவரியில் மட்டும் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். டி பிளாக் ஐயா ஒருவர் பணம் கட்டுவதற்கு முன் ஆபீஸுக்கு இறங்கி வந்து கேட்டதால் விஷயம் வெளியே தெரிந்தது. யாருக்கும் பணம் போகவில்லை.

எனக்கு இதில் கவலை தந்தது வேறு விஷயம். அந்தப் போலி முகவரியும் இலவச மின்னஞ்சல்தான், நம் சங்கத்தின் உண்மையான முகவரியும் அதே இலவச மின்னஞ்சல்தான். எது நிஜம் என்று ஒரு குடியிருப்பாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அளவுகோலே இல்லையே. நமக்கென்று ஒரு டொமைன் பெயர் இருந்தால், “இந்தப் பெயரில் முடியாத எந்த முகவரியிலிருந்து வந்தாலும் அது நம்முடையது அல்ல” என்று ஒரே வரியில் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டுவிடலாம். மோசடி அதோடு நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் பெயரைப் போலவே இன்னொரு பெயரை எவனாவது பதிவு செய்வான். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் ஒன்று இருக்கும்.

சரி, டொமைன் என்றால் என்ன? வெப்சைட் வேறு, டொமைன் வேறு. வெப்சைட் என்பது வீடு, டொமைன் என்பது கதவு எண். வீட்டை இடித்துக் கட்டலாம், வேறு இடத்துக்கே மாற்றலாம். கதவு எண் நம்மிடம் இருக்கும்வரை தபால் நமக்கு வந்து சேரும். ஆனால் இந்தக் கதவு எண்ணுக்கு நீங்கள் உங்கள் ஃபிளாட்டுக்கு வைத்திருப்பது போலப் பத்திரம் கிடையாது. “டொமைன் வாங்கினேன்” என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் யாரும் வாங்குவதில்லை. ஒரு வருடம் முதல் பத்து வருடம் வரை குத்தகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான்.

குத்தகை யாரிடம் என்பதைப் பெயரின் கடைசிப் பகுதி சொல்லும். இரண்டு எழுத்தில் முடிந்தால் அது ஒரு நாட்டின் அல்லது ஆட்சிப் பகுதியின் குறியீடு. டாட் இன் இந்தியா, டாட் எல்கே இலங்கை, டாட் எஸ்ஜி சிங்கப்பூர். நம் இளைஞர்கள் சிலர் “டாட் கோ சின்னதா ஸ்டைலா இருக்கே, டாட் ஐஓ எடுக்கலாமே” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். டாட் கோ என்பது கொலம்பியா நாட்டுடையது. டாட் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி என்ற தீவுக் கூட்டத்துக்கு ஒதுக்கியது. இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் டாட் ஏஐ, கரீபியனில் உள்ள அங்குவில்லா என்ற சின்னத் தீவுடையது. டாட் டிவி என்பது தொலைக்காட்சி அல்ல, துவாலு.

ஸ்டைலுக்காக எடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நாட்டின் குறியீட்டை எடுக்கும்போது அந்த நாட்டின் விதிக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். லிபியாவின் குறியீடு எல்ஒய். ஆங்கிலத்தில் பல சொற்கள் அந்த இரண்டு எழுத்தில் முடிவதால், நீண்ட இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் சேவைகள் அதை விரும்பி எடுத்தன. அவற்றில் ஒன்றை 2010-இல் லிபியாவின் பதிவகம் நிறுத்திவிட்டது. லிபியச் சட்டத்துக்கும் இஸ்லாமியச் சட்டத்துக்கும் ஒவ்வாத பயன்பாடு என்று காரணம் சொன்னார்கள். சேவையை நடத்தியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அது பதிவகத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் இயு கதை இன்னும் வேடிக்கை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், பிரிட்டனில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும் தகுதியே போய்விட்டது. 2021 தொடக்கத்தில் முடக்கினார்கள், 2022 தொடக்கத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெயரை வைத்திருந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, நாடு ஓட்டுப் போட்டது, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள், “அங்கிருந்து எடுத்துத் தரட்டுமா அப்பா” என்று கேட்பார்கள். அந்த நாடுகளின் குறியீடுகளுக்கு அந்த நாட்டோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பிள்ளையின் தகுதியில் நம் சங்கத்துக்குப் பெயர் எடுப்பது சரியாக வராது. நாம் இந்தியாவில் பதிவு செய்த சங்கம், நம் வழக்கு வம்பு எதுவானாலும் இங்கேதான் தீரும். எனவே டாட் இன் என்பது என் கருத்து.

டாட் இன் குறியீட்டை 1989-லேயே இந்தியாவுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டது 2005-இல்தான். இதைப் பார்த்துக்கொள்வது நிக்ஸி என்ற லாப நோக்கில்லாத நிறுவனம். அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் என்று தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்கள் மூலமாகத்தான் நாம் போக வேண்டும். கேஸ் கம்பெனியும் ஏஜென்சியும் மாதிரி.

டாட் இன் குடும்பத்துக்குள் சில கிளைகள் உண்டு. வெறும் டாட் இன் யாருக்கும் கிடைக்கும். கோ டாட் இன், நெட் டாட் இன், ஓஆர்ஜி டாட் இன் இவையும் அப்படித்தான். கவ் டாட் இன் அரசுக்கு மட்டும், ஏசி டாட் இன், ஈடியு டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அவற்றைக் காசு கொடுத்தாலும் நாம் எடுக்க முடியாது. ஓஆர்ஜி டாட் இன் என்று ஒருவர் வைத்திருந்தால் அவர் தொண்டு நிறுவனம்தான் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு அப்படி ஒரு சோதனையும் இல்லை.

இங்கே ஒரு நிமிடம் சங்க வேலையை விட்டு உங்கள் சொந்தப் பணத்துக்கு வருகிறேன். பேங்க் டாட் இன் என்ற கிளையை வங்கிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் மாறிவிட வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. அதைப் பதிவு செய்து தருவது ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற ஒரே நிறுவனம்தான். முகவரியை எப்படிப் படிப்பது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், முதலில் வங்கியின் பெயர் கண்ணில் படுகிறது, நம்பிவிடுகிறோம். டொமைனை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது பேங்க் டாட் இன் என்று முடிந்தால் சரி. பேங்க் டாட் இன் என்பது நடுவில் வந்து அதற்குப் பின் வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தால், அல்லது புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருந்தால், மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இப்போது பெயரைத் தேர்ந்தெடுப்பது. இதற்குத்தான் வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு மெசேஜ் ஓடியது. எனக்கு இரண்டே கவலைகள். முதலாவது, நம் ‘ழ’. நம் குடியிருப்பின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் இசட்-எச் போடுகிறார், ஒருவர் எல் போடுகிறார், பில்டரின் பெயர்ப்பலகையில் வெறும் இசட் இருக்கிறது. கடைசியில் வரும் ‘ஊ’ ஓசைக்கு இரண்டு ஓ-வா, ஒரு யூ-வா? ஒரே பெயரைக் குறைந்தது ஆறு விதமாக எழுதலாம், அந்த ஆறிலும் ஒருவன் உட்கார்ந்துகொண்டு நம்மைப் போல நடிக்கலாம். அதனால் பெயரில் வம்பான எழுத்து இல்லாத பகுதியை எடுத்து, ஊர்ப் பெயரையோ தெருப் பெயரையோ சேர்த்துக்கொள்வது நல்லது. ஃபோனில் ஒரு முறை சொன்னால் மறுமுனையில் இருப்பவர் சரியாக எழுத வேண்டும், அதுதான் பரீட்சை. எல் எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் சில எழுத்துருவில் ஒன்று போலிருக்கும். ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரி தெரியும். அந்த மாதிரி இடங்களையும் தவிர்க்கலாம். எழுத்து, எண், நடுவில் சிறு கோடு ஆகியவற்றுக்குத்தான் அனுமதி. கோடு முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது.

இரண்டாவது கவலை சட்டம் சம்பந்தப்பட்டது. பலர் பரிந்துரைத்த பெயர்களில் முதல் சொல் நம் பில்டரின் கம்பெனிப் பெயர். அது அவர்களுடைய வணிகச் சின்னம். “யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு” என்பதுதான் பதிவின் விதி; கணினி தடுக்காது, பணம் கட்டினால் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டதாலேயே அது சட்டப்படி நம்முடையது ஆகிவிடாது. இந்தியாவில் இது ரொம்பக் காலமாகவே தெளிவான விஷயம். 1999-இல் யாகூ நிறுவனம், யாகூ இந்தியா என்ற பெயரில் தளம் நடத்தியவர்மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய தன்மை உண்டு, ஒருவர் பெயரை இன்னொருவர் தன் பெயராகக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் சண்டையே ‘சிஃபி’ என்ற புனைபெயருக்காகத்தான். எதிர்த்தரப்பு அதில் ஒரு எஃப் கூடப் போட்டு வைத்திருந்தது.

டாட் இன் பெயர்களுக்கு நீதிமன்றம் போகாமலே தீர்க்கும் வழியும் 2005 முதல் இருக்கிறது. புகார் கொடுப்பவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: பெயர் என்னுடையதோடு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்திருக்கிறார் அல்லது பயன்படுத்துகிறார். நடுவர் ஒருவர் விசாரித்து, பெயரை ரத்து செய்யவோ புகார்தாரருக்கு மாற்றவோ உத்தரவிடலாம். அங்கே குடியிருக்கும் சங்கம் தன் குடியிருப்பின் பெயரைச் சொல்லிக்கொள்வது கெட்ட எண்ணம் இல்லைதான், வாதாடலாம். ஆனால் பைப் லீக்கேஜுக்கே பில்டரோடு நடந்துகொண்டிருக்கும் கடிதப் போக்குவரத்து போதாதா? 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் நம் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறதோ, அதன் சுருக்கத்தை எடுத்துக்கொண்டால் நம் உரிமைக்கு ஆதாரமும் அதே காகிதம்தான். பில்டர் பெயர் வேண்டுமென்றே ஆக வேண்டும் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் நான் இன்று இங்கே நிற்கிறேன். பெயர் எது என்பதைவிட யார் பேரில் என்பதுதான் பெரிது.

என் உறவினர் இருக்கும் ஒரு குடியிருப்பில் நடந்தது. எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று சொல்ல வேண்டாம். தளம் செய்து கொடுத்த இளைஞரிடமே “டொமைனையும் நீயே எடுத்துடுப்பா” என்று விட்டுவிட்டார்கள். பில் சங்கத்தின் பேரில், பணம் சங்கத்தின் காசோலையில், பதிவு மட்டும் அந்த இளைஞரின் பேரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கைப்பேசி எண்ணில். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். எண் மாறிவிட்டது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், மறந்துவிட்டார். தளமும் மின்னஞ்சலும் ஒரே நாளில் நின்றன. கமிட்டி பதிவாளரை அழைத்து, “நாங்கள்தான் பணம் கட்டினோம், ரசீது இருக்கிறது” என்று சொன்னது. “எங்கள் பதிவேட்டில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது, அவரைப் பேசச் சொல்லுங்கள்” என்று பதில் வந்தது. பதிவாளர் செய்ததும் சரிதானே? யார் ஃபோன் செய்து கேட்டாலும் கொடுப்பவராக இருந்தால் நாளைக்கு நம் பெயரையும் யாரோ வாங்கிப் போவார்கள். கடைசியில் அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பெயர் வேறு யாரிடமோ போய், அதில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. குடியிருப்பின் பெயரை அடித்தால் சூதாட்டம் வருகிறது என்று வீடு விற்க நினைத்தவர்களெல்லாம் கமிட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே படிவத்தில் ‘பதிவுதாரர்’ என்ற இடத்தில் ‘நிறுவனம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் சங்கத்தின் பதிவுப் பெயர் வர வேண்டும். செயலாளர் பெயர் தொடர்பாளராக மட்டும். சான்றிதழ், சங்கத்தின் பேன் அட்டை, செயலாளரின் அடையாள ஆவணம், அவருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மான நகல் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்த விவரம் பொய் அல்லது சரிபார்க்க முடியவில்லை என்றால் பெயரை முடக்குவார்கள். டாட் காம் பெயர்களில் பதிவுதாரரை மறைத்து, நடுவில் வேறு ஒருவர் பெயரைக் காட்டும் வசதியை விற்பார்கள். டாட் இன் விதிகளில் அதற்கு அனுமதி இல்லை. யாராவது “மறைத்துத் தருகிறேன், கூட முந்நூறு ரூபாய்” என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மின்னஞ்சல் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பதிவாளரிடம் கொடுக்கும் முகவரி, பதிவு செய்யப்போகும் அதே டொமைனில் இருக்கக்கூடாது. பெயர் காலாவதியானால் அந்த அஞ்சல்பெட்டியும் சேர்ந்து சாகும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும், மறந்த கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் வந்து சேர இடமிருக்காது. வெளியே ஒரு பொதுப் பெட்டி, அதற்கு ஓடிபி போகும் எண் சங்கத்தின் ஆபீஸ் கைப்பேசி எண். கமிட்டி மாறும்போது போர்வெல் மோட்டார் அறைச் சாவி, லிஃப்ட் ஒப்பந்தம், தீயணைப்பு உபகரண ரசீது என்று ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குகிறோமே, அந்தப் பட்டியலில் டொமைன் கணக்கும் ஒரு வரியாக வர வேண்டும்.

புதுப்பித்தல். “சின்னச் சங்கம், நாம் மறக்கலாம்” என்று வெட்கப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்டே மறந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலுக்குள் நுழையப் பயன்பட்ட ஒரு டொமைனுக்கு 35 டாலர் கட்டாமல் விட்டார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு நிரலாளர் தன் சொந்த அட்டையில் கட்டிச் சரிசெய்தார். நான்கு வருடத்தில் ஹாட்மெயிலின் பிரிட்டன் முகவரியையும் அப்படியே விட்டார்கள். அவர்களுக்கு நல்லவர்கள் கிடைத்தார்கள். காலாவதியான பிறகு கொஞ்ச நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகு மீட்பதற்கு என்று ஒரு காலம் உண்டு. ஆனால் மீட்புக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதுவும் கடந்தால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். காலாவதியாகும் பெயர்களுக்காகவே காத்திருக்கும் நிரல்கள் இருக்கின்றன.

அதனால் ஒரு வருடத்துக்கு எடுக்காமல் ஐந்து வருடத்துக்கு எடுக்கலாம் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறேன். முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலை என்ன என்று கேளுங்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு வருடத்துக்கு ஆவது ஒரு வீட்டின் ஒரு மாத மெயின்டனன்ஸைவிடக் குறைவுதான். பதிவானதும் கணக்கில் ‘பூட்டு’ போட்டுவிட வேண்டும், நம் அனுமதி இல்லாமல் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. நம் பெயரில் வெளியாள் மின்னஞ்சல் அனுப்புவதைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று அமைப்புகள் இருக்கின்றன. பெயர்கள் பயமுறுத்தும், செய்து கொடுப்பவருக்கு அரை மணி நேர வேலை. மூன்றும் முடிந்த பிறகே பணம் கொடுங்கள்.

பதிவு செய்த கையோடு சில கடிதங்கள் வரும். “சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரை அந்த நாட்டுக் குறியீட்டில் பதிவு செய்யக் கேட்கிறது, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா” என்று மிகவும் அக்கறையாக ஒன்று. அவசரமாகப் புதுப்பிக்கச் சொல்லி, நாம் பதிவே செய்யாத நிறுவனத்திடமிருந்து ஒரு பில். இரண்டுக்கும் பதில் எழுதாமல் இருப்பதே பதில்.

ஏ பிளாக் அம்மா கையைத் தூக்கியிருக்கிறார்கள். தமிழிலேயே எடுக்க முடியாதா என்கிறார்கள். முடியும். டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழ் எழுத்தில் இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழில் நாட்டுக் குறியீடு உண்டு. அதில் நம் ‘ழ’ ஜம்மென்று உட்காரும். ஆனால் அங்கும் ஒரு கண் வேண்டும்: ‘கௌ’ என்று ஓர் எழுத்தாக அடிப்பதும், ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடிப்பதும் பார்க்க ஒன்று, கணினிக்கு வேறு வேறு. நம் பெயரில் அந்த எழுத்து இல்லை, பிழைத்தோம். தமிழ் முகவரியில் மின்னஞ்சல் வைத்தால் எல்லா வங்கிப் படிவமும் அரசுப் படிவமும் இன்னும் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் ஆங்கில எழுத்தில் ஒன்று எடுத்து மின்னஞ்சலுக்கு வைத்துக்கொண்டு, தமிழில் ஒன்று எடுத்து அதே தளத்துக்குத் திருப்பிவிடலாம். நம் சங்கத்தில் ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பெரியவர்கள் குறைந்தது முப்பது பேர் இருப்பார்கள், அந்தச் செலவு வீண் இல்லை.

தீர்மானத்தின் வரைவு உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாவது பத்தியில் ‘செயலாளர் பெயரில்’ என்று முதலில் அச்சாகியிருந்ததை ‘சங்கத்தின் பெயரில்’ என்று பேனாவால் திருத்தியிருக்கிறோம். உங்கள் நகலில் அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் வாக்கெடுப்புக்கு முன் கை தூக்குங்கள், பொருளாளர் வேறு நகல் தருவார்.